உப்புக்குச் சர்க்கரை துணை

வயிற்றுப்போக்கு என்று போய்ச் சொன்னால் மருந்துக்கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அதன் பின்பக்கத்தைப் படித்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கான கணக்கு இருக்கும்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த அளவு இது. உடம்பிலிருந்து போவது தண்ணீரும் உப்பும். அவற்றைத் திருப்பித் தருவது புரிகிறது. ஆனால் எடையில் எல்லாவற்றையும் மிஞ்சி நிற்பது குளுக்கோஸ். தெம்புக்காகச் சேர்த்திருப்பார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த 13.5 கிராமில் கிடைப்பது ஐம்பது கலோரி சொச்சம். ஒரு இட்லியில் கிடைத்துவிடும். ஒரு இட்லித் தெம்புக்காக உலகம் முழுக்க இதைக் கலந்து கொடுக்க மாட்டார்கள்.

அந்தச் சர்க்கரைக்கு வேறு வேலை இருக்கிறது. அது தெரிய வேண்டுமானால், பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஒரு வரியைத் திரும்ப எடுக்க வேண்டும்: செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து உறுப்பு மண்டலம், மண்டலங்கள் சேர்ந்து உயிரி. வரியில் பிழை இல்லை. ஆனால் செல்களைக் குவித்து வைத்தாலே திசு கிடைத்துவிடும் என்பது போன்ற ஓர் எண்ணத்தை அது மனதில் விதைத்துவிடுகிறது. குவித்து வைத்தால் குவியல்தான் கிடைக்கும். எந்தச் செல் எந்தப் பக்கம் முகம் வைத்து, எதற்குப் பக்கத்தில், எதோடு ஒட்டி நிற்கிறது என்ற ஏற்பாட்டில்தான் ஒவ்வொரு படியும் உருவாகிறது. ஒரு படி ஏறும்போது கீழே இல்லாத ஒரு திறமை புதிதாக வந்து சேர்கிறது. பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் இது பிடிபடாது என்பதால், சிறுகுடல் ஒன்றையே எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே போவோம்.

கறிக்கடையில் வாங்கும் ஆட்டுக்குடலில் சிறுகுடல் பகுதியாக ஒரு சாண் எடுத்து, நீளவாக்கில் கீறி, நன்றாக அலசி, ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் உட்பக்கம் மேலே இருக்கும்படி போட்டுப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கையில் இருக்கும்போது வெறும் கொழகொழப்பாகப் படிந்து கிடந்த பரப்பு, தண்ணீருக்குள் வெல்வெட் துணியின் மேற்பரப்பு போல எழுந்து நிற்கும். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு குடலுறிஞ்சி. மனிதக் குடலில் ஒன்றின் உயரம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. மஞ்சள் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குடலைச் சுத்தம் செய்கிறவர்கள் சுரண்டிக் கழிப்பதில் பெரும்பகுதி இதுதான். பூதக்கண்ணாடியின் எல்லை இத்தோடு முடிகிறது. குடலுறிஞ்சியின் மேல் போர்த்தியிருக்கும் செல்களைப் பார்க்க நுண்ணோக்கிதான் வேண்டும்.

அங்கே வரிசையாக நிற்பவை நெட்டையான செல்கள். ஒன்றின் உயரம் சுமார் 25 மைக்ரோமீட்டர்; நாற்பது செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் வரும். பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் சாமான் எல்லாம் உள்ளே உண்டு: உட்கரு, ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள், புரதம் செய்யும் ரைபோசோம்கள், எல்லாவற்றையும் சுற்றிச் செல் சவ்வு. உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ., உங்கள் மூளைச் செல்லிலும் தோல் செல்லிலும் இருக்கும் அதே டி.என்.ஏ.தான். அதில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. குடல் செல் அவற்றில் தனக்கு வேண்டியதை மட்டும் திறந்து படிக்கிறது, மற்றதை மூடி வைத்திருக்கிறது. உடம்பில் செல்வகை பல என்றாலும் எல்லாம் ஒரே கருமுட்டைச் செல்லிலிருந்து வந்தவை. வேறுபாடு எதைப் படிக்கிறது என்பதில்.

செல் என்ற பெயரை வைத்த ராபர்ட் ஹூக் 1665-இல் பார்த்தது தக்கைச் சீவலின் காலி அறைகளை. உயிருள்ள சரக்கெல்லாம் எப்போதோ காய்ந்துபோய்ச் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. தாவரங்கள் செல்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838-இலும், விலங்குகளும் அப்படியே என்று ஷ்வான் 1839-இலும் எழுதினார்கள். எந்தச் செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கும் என்பது 1850-களில் விர்ஷோவின் எழுத்தால் நிலைபெற்றது. வரலாற்றில் இதற்கு மேல் இப்போது வேண்டாம், நம் குடல் செல்லில் கவனிக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

இந்தச் செல்லின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றல்ல. உணவு போகும் பாதையைப் பார்த்த மேல்பக்கத்தில் சில ஆயிரம் நுண்விரல்கள் நீண்டிருக்கின்றன. அந்தப் பக்கத்துச் சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்திப் புரதம் பதிந்திருக்கிறது. அது இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் வந்து உட்கார்ந்தால்தான் வடிவம் மாறி மூன்றையும் உள்ளே விடும். ஒன்று குறைந்தாலும் இந்த வழியில் கடத்தல் நடக்காது. செல்லின் அடிப்பக்கமும் பக்கவாட்டும் வேறு சரக்கு. அங்கே ஒரு பம்பு ஓயாமல் ஓடுகிறது: ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, அதற்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957-இல் இதை நண்டுக் காலின் நரம்பில் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வர நாற்பது ஆண்டு ஆனது.

இந்தப் பம்பினால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கிறது. குறைவாக இருக்கும் இடத்துக்குள் நுழைய வெளியிலிருக்கும் சோடியம் முண்டுகிறது. அந்த முண்டுதலைப் பயன்படுத்தித்தான் மேல்பக்கத்துக் கடத்தி குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே கொண்டுவருகிறது. வந்த குளுக்கோஸ் அடிப்பக்கத்தில் வேறொரு புரதத்தின் வழியாக இரத்தம் இருக்கும் பக்கம் இறங்குகிறது, சோடியத்தைப் பம்பு இறக்குகிறது, உப்பும் சர்க்கரையும் போன பக்கம் தண்ணீர் தானாகப் போகிறது. சோடியத்தின் தயவில்தான் குளுக்கோஸ் உறிஞ்சப்படுகிறது என்ற கருத்தை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார். மருந்துக்கடைப் பொட்டலத்தின் ரகசியம் பாதி இங்கேயே வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு படி ஏற வேண்டும்.

இதே குடல் செல்லைத் தனியாகப் பிரித்து ஓர் உப்புக் கரைசலில் மிதக்க விடுவோம். அது உயிரோடு இருக்கும், கடத்தி வேலை செய்யும், பம்பும் ஓடும். ஆனால் மேலே உள்ளே எடுத்ததை அடியில் வெளியே விட்டால், அது போய்ச் சேருவது எடுத்த அதே கரைசலுக்குத்தான். ஓடி ஓடி உழைத்தும் எதையும் எங்கேயும் கொண்டு சேர்த்ததாக ஆகாது. செல்கள் ஒன்றையொன்று உரசி வரிசையாக நின்று, மேல் விளிம்பில் இறுக்கச் சந்திப்புகளால் ஒட்டிக்கொண்ட பிறகுதான் உணவுப்பாதைப் பக்கம், இரத்தப் பக்கம் என்று இரண்டு பக்கங்கள் பிறக்கின்றன. உறிஞ்சுதல் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வருகிறது. ஆகவே உறிஞ்சும் திறமை எந்த ஒரு செல்லிடமும் முழுதாக இல்லை, அந்த விரிப்பிடம் இருக்கிறது. அந்த விரிப்புக்குப் பெயர் எபிதீலியத் திசு.

விரிப்பில் உறிஞ்சும் செல்கள் மட்டும் இல்லை. இடையிடையே சளி சுரக்கும் கோப்பை வடிவச் செல்கள், ஹார்மோன் சுரக்கும் செல்கள் நிற்கின்றன. குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் சிறு குழிகள் உண்டு. குழியின் அடியில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்களை விடும் செல்களும், அவற்றுக்கு நடுவே ஸ்டெம் செல்களும் இருக்கின்றன. ஸ்டெம் செல்கள் பிரிந்துகொண்டே இருக்க, புதிய செல்கள் குழியிலிருந்து மேலேறி, குடலுறிஞ்சியின் உச்சியை அடைந்து, உதிர்ந்து, சாப்பாட்டோடு கலந்து போகின்றன. ஒரு செல்லின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். போன வாரம் உங்கள் குடலைப் போர்த்தியிருந்த செல்கள் அநேகமாக இன்று இல்லை, திசு மட்டும் அப்படியே இருக்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும்போது வயிற்றுப்போக்கு வருவதற்கும் இதுவே ஒரு காரணம்: வேகமாகப் பிரியும் செல்களைக் குறிவைக்கும் மருந்துக்குக் குடல் குழியின் செல்களும் அப்படித்தான் தெரியும்.

பயாப்ஸி எடுத்து அனுப்பினால் நோய்க்குறியியல் மருத்துவர் பார்ப்பதும் பெருமளவு இந்த ஏற்பாட்டைத்தான். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும், குழிகள் ஆழமாகும். செல்களே இல்லாமல் போய்விடவில்லை, பரப்புதான் போய்விட்டது. சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாததற்குக் காரணம் அதுவே. பரப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு திருத்தம்: குடலை விரித்தால் டென்னிஸ் ஆடுகளம் அளவு வரும் என்று இன்னும் பல புத்தகங்களில் இருக்கிறது. 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஹெலாண்டரும் ஃபேண்ட்ரிக்ஸும் மீண்டும் அளந்து கணக்கிட்டதில் சிறுகுடலுக்கு ஏறத்தாழ 30 சதுர மீட்டர்தான் வந்தது. சுமார் 320 சதுர அடி. அதுவும் குறைவில்லை, அத்தனையும் ஒரு வயிற்றுக்குள்.

விலங்குகளின் திசுக்கள் நான்கு பெருவகை: வெளியே மூடியும் உள்ளே போர்த்தியும் நிற்கும் எபிதீலியம், தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு, சுருங்கி விரியும் தசைத் திசு, செய்தி கடத்தும் நரம்புத் திசு. இரத்தமும் எலும்பும் கொழுப்பும் இணைப்புத் திசுக் கணக்கில் வருவது முதலில் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். செல்களுக்கு நடுவே வேறு பொருள் நிறைந்திருப்பதுதான் அந்த வகையின் பொது அடையாளம். எலும்பில் அது கெட்டி, இரத்தத்தில் அது நீர். திசு என்ற கருத்தே செல் கோட்பாட்டுக்கு முந்தியது. பாரிஸின் சேவியர் பிஷா 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிணங்களை அறுத்து, உறுப்புகளை வேகவைத்தும் உலர்த்தியும் அமிலத்தில் ஊறவைத்தும் பார்த்து 21 வகைத் திசுக்களைப் பிரித்தார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. வெவ்வேறு உறுப்புகளில் ஒரே திசு வந்தால் நோயும் ஒரே மாதிரி வருகிறது என்பதைக் கண்டு சொன்னவர், முப்பது வயதில் 1802-இல் இறந்துபோனார்.

நான்கு வகையும் ஓரிடத்தில் கூடி ஒரு வேலையை முடித்தால் உறுப்பு. சிறுகுடலின் சுவரில் உள்ளிருந்து வெளியே போனால் முதலில் எபிதீலியம், அதன் அடியில் இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழல்களும் ஓடும் இணைப்புத் திசு, அதற்கு வெளியே குடலைச் சுற்றி வளைந்த தசை அடுக்கு, அதற்கும் வெளியே நீளவாக்கில் ஓடும் தசை அடுக்கு, கடைசியாக வழவழப்பான ஒரு மெல்லுறை. ஆட்டுக்குடலை உருவும்போது விரலில் தனியாகக் கழன்று வரும் வெளிச்சவ்வு அந்த மெல்லுறைதான். வளைதசை சுருங்கினால் குழாய் இறுகும், நீள்தசை சுருங்கினால் குழாய் குட்டையாகும். இரண்டும் முறைவைத்துச் சுருங்கினால் உள்ளே இருப்பது கலக்கப்பட்டு முன்னால் நகரும்.

முறைவைப்பது யார்? இரண்டு தசை அடுக்குக்கும் நடுவே நரம்புச் செல்களின் வலை ஒன்று பரவியிருக்கிறது. குடல் நெடுக எண்ணினால் பத்துக் கோடிக்கும் மேல். 1899-இல் லண்டனில் உடலியலாளர்கள் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். குடலுக்குள் ஓரிடத்தில் அழுத்தினால் அதற்குப் பின்னால் சுருங்கியது, முன்னால் தளர்ந்தது. மூளை சொல்லாமலே குடல் தன் வேலையைச் செய்தது. தசையால் சுருங்க முடியும், எந்தப் பக்கம் தள்ளுவது என்று அதற்குத் தெரியாது. நரம்புக்குத் தெரியும், அதனால் தள்ள முடியாது. இரண்டையும் கோத்த பிறகு கிடைக்கும் நகர்த்தல் உறுப்பின் திறமை.

இதில் ஒரு திசு மட்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் நோய் ஒன்று உண்டு. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பிறந்த குழந்தை கருநிற முதல் மலத்தை ஓரிரு நாளில் கழித்துவிட வேண்டும். இந்தக் குழந்தைகள் கழிப்பதில்லை, வயிறு உப்பிக்கொண்டே போகும். கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்பிரங் 1886-இல் விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர். அடைப்பு எதுவும் இல்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் எபிதீலியம் சரியாக இருக்கிறது, தசை சரியாக இருக்கிறது, நரம்புச் செல்கள் மட்டும் இல்லை. குடலின் நரம்புச் செல்கள் குடலில் பிறப்பவை அல்ல. கருவில் தண்டுவடம் உருவாகும் இடத்தின் ஓரத்தில் பிறந்து, உணவுப்பாதையின் மேல் முனையில் புகுந்து, வாரக்கணக்கில் கீழ்நோக்கி நகர்ந்து கடைசி வரை வந்து சேர வேண்டும். வழியில் நின்றுவிட்டால் அதற்குக் கீழே உள்ள துண்டு தளரத் தெரியாமல் இறுகியே கிடக்கும். பெரிதாக வீங்கித் தெரிவது அதற்கு மேலே உள்ள நல்ல குடல். அதனால் வெகுகாலம் வீங்கிய பகுதியே நோய்ப் பகுதி என்று எண்ணி மருத்துவர்கள் ஏமாந்தார்கள். 1940-களின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆர்வார் ஸ்வென்சன் ஒல்லியாகத் தெரிந்த துண்டை வெட்டி நீக்கிவிட்டு மேல்குடலை இழுத்துத் தைத்தார். குழந்தைகள் பிழைத்தன.

உறுப்புக்கு மேல் மண்டலம். சிறுகுடலுக்கு நாள்தோறும் வந்து விழும் திரவம் ஏறத்தாழ 9 லிட்டர். நாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து அதில் 2 லிட்டர்தான். மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கும் நீர். இத்தனையும் திரும்ப உறிஞ்சப்பட்டு மலத்தோடு போவது கால் லிட்டருக்கும் குறைவு. இரைப்பை அமிலம் கலந்த கூழை அனுப்பினால், அந்த அமிலத்தை முறிக்கும் நீரைக் கணையம் அதே வேளையில் அனுப்பியாக வேண்டும். கணையத்துக்கு எப்படித் தெரியும்? நரம்பு வழியாக என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1902-இல் அதே பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் குடல் துண்டுக்கு வரும் நரம்பை எல்லாம் அறுத்துவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள். கணையம் சுரந்தது. குடலின் உட்பரப்பைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி, நாயின் இரத்தத்தில் ஏற்றினார்கள். அப்போதும் சுரந்தது. குடல் செல் ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் விடுகிறது, அது கணையத்தைப் போய்ச் சேருகிறது. செக்ரீட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் பொதுவில் வைத்தது 1905-இல்.

மனித உடம்பில் பதினொரு மண்டலங்கள் என்று புத்தகங்கள் எண்ணுகின்றன. இந்த எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செல்லின் சவ்வைப் போல மண்டலத்துக்கு எல்லை எதுவும் இல்லை. படிக்க வசதியாக நாம் போட்ட கோடு அது. கணையம் செரிமான நீரைச் சுரக்கும்போது செரிமான மண்டலம், இன்சுலினைச் சுரக்கும்போது நாளமில்லாச் சுரப்பி மண்டலம். உடம்பின் நோயெதிர்ப்புச் செல்கள் பல குடல் சுவரில் குடியிருக்கின்றன. இரத்தம் வந்து எடுத்துப் போகாவிட்டால் குடல் உறிஞ்சியும் ஒரு பயனும் இல்லை. மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் புகுந்து கிடக்கின்றன என்பது ஆரோக்கியமாக இருக்கும்போது தெரியாது. காலரா வந்தால் தெரியும்.

காலராக் கிருமி குடல் சுவரைத் துளைப்பதில்லை, இரத்தத்தில் புகுவதில்லை. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சை விடுகிறது. கிருமியை அகற்றிய வடிநீர் மட்டுமே முயலின் குடல் துண்டை நீரால் நிரப்பிவிடுகிறது என்று 1959-இல் காட்டியவர் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் சம்புநாத் டே. அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் புகுந்து ஒரு சமிக்ஞைப் புரதத்தை அணையவிடாமல் ஆக்கிவிடுகிறது. அதனால் செல்லின் மேல்பக்கத்துக் குளோரைடு வழி திறந்தே கிடக்கிறது. குளோரைடு கொட்டுகிறது, சோடியம் பின்னாலேயே போகிறது, தண்ணீரும் போகிறது. கெட்டது ஒரு புரதம். படியேறிப் பாருங்கள்: உறிஞ்ச வேண்டிய திசு கொட்டும் திசுவாகிறது, குடல் கஞ்சித் தண்ணீராக ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரைகூட வெளியேற்றுகிறது, இரத்தத்தின் அளவு வற்றி நாடி விழுகிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது, உப்புக்கள் குலைந்து தசைகள் முறுக்கிக்கொள்கின்றன. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் இறந்துவிட முடியும். இத்தனைக்கும் நுண்ணோக்கியில் பார்த்தால் குடலின் எபிதீலியம் கிழியாமல் அப்படியே நிற்கும்.

அந்தச் செல்லில் நஞ்சு தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது: சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து எடுக்கும் அந்தக் கடத்தி. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் ஓடிப்போகும். குளுக்கோஸும் சேர்ந்திருந்தால் கடத்தி இயங்கும், சோடியம் உள்ளே வரும், தண்ணீர் பின்தொடரும். கொட்டுவது நிற்காது, ஆனால் கொட்டுவதற்கு ஈடாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். சில நாளில் நஞ்சேறிய செல்கள் வழக்கம்போல உச்சிக்கு ஏறி உதிர்ந்துவிடும். அதுவரை ஆளைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பொங்காவ் மருத்துவமனையில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸின் குழுவிடம் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. தரையில் கிடந்த நோயாளிகளுக்கு நடுவே நடக்கவே இடமில்லை. கொல்கத்தாவில் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நிறுத்துப் பைகளில் அடைத்துக் கொண்டுவந்து, தண்ணீரில் கலக்கி, கூட இருந்த உறவினர்களையே ஊட்டச் சொன்னார். அந்த முகாம்களில் 30 சதவீதத்தை எட்டியிருந்த சாவு விகிதம் அவர் பொறுப்பில் இருந்த நோயாளிகளிடையே 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. டாக்காவில் மருத்துவர்கள் நாலினும் கேஷும் 1968-இலேயே இதைச் சோதித்துக் காட்டியிருந்தார்கள் என்றாலும், பயிற்சி இல்லாதவர் கையிலும் இது வேலை செய்யும் என்பது பொங்காவில்தான் தெரிந்தது. ஒரு மண்டலமே சரிந்து விழும் நோய்க்கு மருந்தைச் செல்லின் படியில் கொடுத்தார்கள்.

பொட்டலத்தில் 1975 முதல் 20 கிராமாக இருந்த குளுக்கோஸை 2002-இல் 13.5 ஆகக் குறைத்ததற்கும் காரணம் உண்டு. சர்க்கரை மிஞ்சினால் உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி, இரத்தப் பக்கத்திலிருந்து தண்ணீரைத் தன்னிடம் இழுக்கும். இப்போதைய கரைசலில் லிட்டருக்குச் சோடியமும் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல். வயிற்றுப்போக்குக் குழந்தைக்குப் பாட்டில் குளிர்பானத்தைக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். பொட்டலத்தை அரை டம்ளரில் கரைத்துக் கொடுப்பதும் அதே தவறு; ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர்தான்.

செல்லிலிருந்து மண்டலம் வரையிலான இந்தப் படிகள் அனைத்தையும் எல்லா உயிரும் ஏறியதில்லை. அமீபா ஒரே செல்லில் வாழ்ந்து முடிக்கிறது. கடற்பஞ்சில் செல்கள் வேலையைப் பிரித்துக்கொண்டுள்ளன, உறுப்பு என்று எதுவும் இல்லை. 1907-இல் அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன் கடற்பஞ்சை மாவு சலிக்கும் பட்டுத் துணியில் பிழிந்து செல் செல்லாக உதிர்த்தார். அவை நகர்ந்து, ஒட்டிக்கொண்டு, மறுபடியும் சிறு கடற்பஞ்சுகளாக எழுந்தன. நம் குடலைப் பிழிந்தால் அப்படி எழாது. ஹைட்ரா திசுப் படியில் நிற்கிறது, தட்டைப் புழுவில் உறுப்புகள் வந்துவிடுகின்றன. படியேறாமலே பெரிதானவையும் உண்டு. மன்னார் வளைகுடாவில் வளரும் காலர்பா என்ற பச்சைப் பாசியில் இலை, தண்டு, வேர் போன்ற பகுதிகள் தெரியும். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது, பல உட்கருக்கள் மிதக்கும் ஒரே செல் அது. மரத்தில் தண்ணீர் ஏற்றும் சைலக் குழாய்களோ செத்த செல்களால் ஆனவை. செத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. நம் உடம்பிலும் விதிவிலக்குக்குப் பஞ்சமில்லை. ஏறத்தாழ 30 லட்சம் கோடி என்று 2016-இல் மதிப்பிடப்பட்ட செல்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் சிவப்பணுக்கள். அவற்றில் உட்கருவே இல்லை.

ஏற்பாடு எவ்வளவு தூரம் செல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் சோதித்தது. சுண்டெலியின் குடல் குழியிலிருந்து ஒரே ஒரு ஸ்டெம் செல்லை எடுத்து, புரதக் கூழில் வைத்து, தேவையான வளர்ச்சிப் பொருள்களைக் கொடுத்தார்கள். அது பிரிந்து, உள்ளே குழிவான ஒரு பந்தாகி, பக்கங்களில் குழிகளை முளைவிட்டு, உறிஞ்சும் செல், சளிச் செல் எல்லாவற்றையும் உரிய இடத்தில் நிறுத்திக்கொண்டது. எபிதீலியம் தன்னைத் தானே கட்டிக்கொள்ளத் தெரிந்தது. ஆனால் தசை இல்லை, நரம்பு இல்லை, அதனால் அது எதையும் எங்கேயும் தள்ளவில்லை. 2017-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி ஆய்வாளர்கள் மனித ஸ்டெம் செல்லிலிருந்து தசையும் சேர்ந்த குடல் துணுக்குகளை வளர்த்து, தண்டுவட ஓரத்தில் பிறக்கும் நரம்பு முன்னோடிச் செல்களைத் தனியே தயாரித்து அவற்றோடு கலந்தார்கள். ஹிர்ஷ்பிரங் நோயில் வந்து சேராமல் போகும் அதே வகைச் செல்கள். நரம்பு சேர்ந்த துணுக்கு அலையலையாகச் சுருங்கியது. அதை முழு வளர்ச்சிக்குக் கொண்டுவர மட்டும் சுண்டெலியின் உடம்புக்குள் பதிக்க வேண்டியிருந்தது. இரத்தக் குழாய் அங்கேதான் கிடைத்தது.